ஏட்டுச் சுரைக்காய்

மூன்று வாரமாக அந்த வீட்டில் ஒரே பேச்சுதான். பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பொருத்த, இரண்டு கிராபிக்ஸ் கார்டில் எதை வாங்குவது?

"காகிதத்துல பார்த்தா முதல் கார்டுதான் எல்லாத்துலயும் முந்துது," என்றான் கணவன், கம்ப்யூட்டரில் அட்டவணையைக் காட்டி. "மெமரி அதிகம், வேகம் அதிகம்."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்றாள் மனைவி, துணி மடித்தபடியே. கொட்டாவி வந்தது.

"அதேதான்! ரெண்டாவது கொஞ்சம் சுமார். ஆனா சூடாகாது, சத்தம் போடாது, நம்ம பழைய பெட்டியிலயே அடங்கிடும்."

"ஏதோ ஒண்ணை வாங்கித் தொலைங்களேன்."

"குளிச்சிட்டு வந்து முடிவு பண்றேன். 'ஒப்பீடு'ன்னு ஒரு ஃபைல் இருக்கும், பிரிண்ட் எடுத்து வை."

அந்தப் பெயரில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. அவள் திறந்தது பழையது. அவர்கள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முந்தைய தேதி.

அதிலும் ஓர் அட்டவணை. இந்தப் பக்கம் பேங்க் மேனேஜர் மகள், அந்தப் பக்கம் டீச்சர் மகள். படிப்பு, வேலை, உயரம், நிறம் என்று எல்லா வரியிலும் மேனேஜர் மகளே முந்தியிருந்தாள்.

டீச்சர் மகளுக்கு, அதாவது இவளுக்கு, கீழே ஒரு குறிப்பு மட்டும்: 'கொஞ்சம் சுமார். ஆனால் சூடாகாது, சத்தம் போடாது, நம் பழைய வீட்டிலேயே அடங்கிவிடும்.'

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான் அவன். "என்ன, ரெண்டாவதையே வாங்கிடலாமா?"

"முதல் கார்டையே வாங்குங்க!"

பதினான்கு வருஷத்தில் அந்த வீடு கேட்டறியாத குரல்.

"சூடாகட்டும், சத்தம் போடட்டும். இந்தப் பழைய பெட்டி தாங்குதான்னு பார்த்துடலாம்!"