குடைக்குக் கீழே ஒரு செட்டாப் பாக்ஸ்

இது சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். கவியாவே ஒரு ராத்திரி முழுக்கப் பொறுத்திருந்தாள், நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜமுனாமரத்தூருக்கு மேலே, மலையில் ஒரு சின்ன ஊரில் கவியா பிளஸ் டூ படிக்கிறாள். ஹெட்மாஸ்டரின் இருமல், கண்டக்டரின் அதட்டல், ரேஷன் கடைக்காரரின் சலிப்பு எல்லாமே அவள் தொண்டைக்குள் குடியிருந்தன.

அன்றைக்குச் சாயங்காலம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, தோழி கோகிலவாணியின் போனை வாங்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம் சார். கேபிள் கம்பெனியிலிருந்து பேசுகிறோம். பஞ்சாட்சரம் சாருங்களா?"

"ஆமாங்க, இன்னா விஷயம்?"

"உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸை இலவசமாக மாற்றித் தருகிறோம். நாளை காலை பத்து மணிக்கு ஆள் வருவார்."

"இலவசமாவா!" பஞ்சாட்சரத்தின் குரல் உடனே குழைந்தது.

"ஆமாம் சார். பழைய பாக்ஸை வாசலில் நாற்காலி போட்டு வையுங்கள். மேலே குடை பிடிக்க வேண்டும். வெயில் பட்டால் உள்ளே இருக்கிற சேனல் எல்லாம் ஆவியாகிவிடும்."

அந்த நேரம் பார்த்து அஞ்சரை மணி பஸ் வளைவில் நீளமாக ஹாரன் அடித்தது. கவியா அவசரமாகப் போனைப் பொத்தினாள்.

அந்தப் பக்கம் ஜன்னல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எங்க வூட்ல கறுப்புக் குடைதான் கீது. பரவாயில்லீங்களா?"

"பரவாயில்லை சார்."

போனை வைத்ததும் கோகிலவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பாவம்டி அந்த மாமா."

"இன்னா பாவம்? அவரு புளியமரத்துல ஏறித்தான எங்கப்பா விழுந்து இடுப்ப ஒடிச்சிக்கினாரு? ஒரு மூட்டை சாமை குடுத்து அனுப்பினாரு. யார் தருமமும் வாணாம்னு அப்பா திருப்பிட்டாரு. அதோட சரி. மூணு மாசமா எதிர்வூட்ல இருந்துக்கினு ஒருநாள் எட்டிப் பாத்தாரா?"

அப்பா ஆனந்தன் கட்டிலில் கிடந்தார். டிவி பாக்ஸ் இடி விழுந்ததில் போய்விட்டது. அதனால் கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரைச் சிரிக்க வைக்கக் கவியா எல்லாக் குரலிலும் பேசிப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் "ம்" ஒன்றுதான் பதில்.

நாளைக்கு அந்த "ம்" செல்லாது. எதிர்வீட்டு வாசல் கட்டிலிலிருந்தே தெரியும்.

மறுநாள் பத்து மணிக்கு நாற்காலியில் பாக்ஸ் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பஞ்சாட்சரம், வெள்ளை வேட்டியோடு, குடை பிடித்தபடி.

"இன்னா ஆச்சு இந்தாளுக்கு?" என்றார் அப்பா.

"அது வந்துப்பா..." என்று கவியா ஆரம்பிக்கும்போதே ஒரு பைக் வந்து நின்றது. கேபிள் சரவணகுமார்! கையில் புதுசாக இரண்டு அட்டைப் பெட்டி.

கவியாவின் வாய் அப்படியே நின்றது. அவள் எந்தக் கம்பெனிக்கும் சொல்லவில்லையே!

கால் மணி நேரம் எதிர்வீட்டுக்குள் இருந்த சரவணகுமார், இன்னொரு பெட்டியோடு நேராக இங்கே வந்தான்.

"நாங்க கேக்கலையே." அப்பாவின் முகம் கடுத்தது. "யார் குடுத்து அனுப்பினது?"

"கம்பெனிண்ணே. இந்தத் தெருவுல பழசையெல்லாம் மாத்தச் சொல்லிட்டாங்க. எதிர்வூட்லயும் இப்பத்தான் மாட்டினேன். உங்களுக்கும் போன் வரும் பாருங்க."

அப்பா எதிர்வீட்டைப் பார்த்தார். நாற்காலியில் பழைய பாக்ஸ் மட்டும் தனியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குடையைக் காணோம், பிடித்தவரையும் காணோம்.

போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார். கேபிள் கம்பெனியிலிருந்து பேசுகிறோம்." புளி மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. "ஆனந்தன் சாருங்களா? இந்தப் பாக்ஸ் யார் தருமமும் கெடையாதுங்க. கம்பெனி ரூல். ஆனா மாட்டினதும் வாய்விட்டு ஒரு தபா சிரிச்சிடணும். இல்லன்னா உள்ள இருக்கிற சேனல் எல்லாம் ஆவியாப் போய்டும்."

அப்பா போனை முறைத்தார். உதடு துடித்தது. அப்புறம் கட்டில் கிறீச்சிட, இடுப்பு வலியையும் மீறி, கண்ணில் தண்ணி வரும்வரைக்கும் சிரித்தார்.

"இன்னா குரல்டா இது! சளி புடிச்ச சேவலாட்டம்! சரி, மாட்டுப்பா, ரூலுன்னா மாட்டித்தான ஆவணும்?"

கவியா மட்டும் சிரிக்கவில்லை. சேனல் ஆவியாகும் என்பது அவள் வாயில் நேற்றுப் பிறந்த பொய். அது எப்படிக் கம்பெனிக்குத் தெரியும்?

அப்போது பத்தரை மணி பஸ் வளைவில் நீளமாக ஹாரன் அடித்தது.

தெருவில் கேட்டது. அதே நொடியில், போனுக்குள்ளும் கேட்டது. யாரோ அவசரமாகப் போனைப் பொத்தினார்கள்.

நேற்றும் இப்படித்தான் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும்.

கவியா பக்கவாட்டு ஜன்னலுக்கு ஓடினாள். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அவள் நின்ற அதே இடத்தில், ஒரு கறுப்புக் குடை. அதன் கீழே, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பஞ்சாட்சரம்.

"யார்டி அங்க?" என்றார் அப்பா, இன்னும் சிரிப்பு அடங்காமல்.

"கம்பெனிக்காரங்கப்பா" என்றாள் கவியா, தன் சொந்தக் குரலில்.