கிளம்பும் நேரத்துக் கேள்வி

"சைக்கிள்ல ஏறி உக்காந்தேன்னா, காஷ்மீர்லதான் கால தரையில ஊனுவேன்."

இதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இஸ்திரி போடுகிறவரிடம், கொரியர் கொண்டுவந்தவரிடம், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம். தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

சாப்பாடு? சைக்கிளிலேயே.

தூக்கம்? இறக்கங்களில்.

ரயில்வே முன்பதிவுக் கவுன்டரில் உட்கார்ந்து, பாதி இந்தியாவை மீதி இந்தியாவுக்கு அனுப்பி வைத்தவர் அவர். அவர் மட்டும் மதுரையைத் தாண்டியதில்லை.

ஓய்வு பெற்ற மறுநாளே கூடத்தில் வரைபடத்தை விரித்தார். காலை வைக்க இடமில்லை. மனைவி ஆவுடை மத்தியப் பிரதேசத்தின் மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளு. ஒனக்கு அடியிலதான் ஜபல்பூர் இருக்கு."

கியர் வைத்த சைக்கிள் வந்தது. பைகள் வந்தன. பஞ்சர் ஒட்டும் சாமான் வந்தது. நல்ல நாளும் வந்தது.

பெடலில் கால் வைத்தார்.

பாளையங்கோட்டையில் அந்தத் தெரு ஒரு முட்டுச்சந்து. வெளியே போக ஒரே வழி. வழி நெடுக வாசல்கள். வாசலுக்கு ஒரு வாய்.

எதிர்வீட்டு வாய், பலவேசம்.

"எங்க அண்ணாச்சி கெளம்பியாச்சு?"

அவ்வளவுதான். கிளம்புகிற மனிதரை எங்கே என்று கேட்டுவிட்டால் அந்தப் பயணம் அதோடு சரி. ஆவுடை தம்ளரில் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"கேட்டுட்டாவ. உள்ள வாங்க. தண்ணியக் குடிச்சிட்டு உக்காருங்க. வேற நாள் பாப்போம்."

வேறு நாள் பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் கேட்டார். இன்னொரு நாள், பால் பாக்கெட்டோடு வந்த பெண் கேட்டாள். ஊரெல்லாம் சொன்னால் ஊரெல்லாம் கேட்கத்தானே செய்யும்.

விடிவதற்கு முன்னால் கிளம்பிப் பார்த்தார். பலவேசம் அதற்கும் முன்னால் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணாச்சி? காஷ்மீர்தான? சாயங்காலம் டீ குடிக்க வந்திருவியள்லா?"

தெருவில் மற்றவர்கள் பாதியாவது நம்பினார்கள். பலவேசம் அரைக்கால்கூட நம்பவில்லை.

சைக்கிள் கூடத்தில் நின்றது. பைகளோடு. முகூர்த்தம் தவறிய மாப்பிள்ளை மாதிரி. குளியலறைக்குப் போவதென்றாலும் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆவுடை அதன் ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு காயப்போட ஆரம்பித்தாள்.

ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் தடவை இறங்கி வந்து அந்தத் தண்ணீரைக் குடித்தபோது, தொண்டையோடு நெஞ்சும் குளிர்ந்தது.

தப்பித்தோம் என்று இருந்தது.

அடுத்த தடவை, கதவைத் திறக்கும்போதே காது பலவேசத்தின் குரலைத் தேடியது.

அதற்கடுத்த தடவை, குரல் வரும்வரை சீட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

வாயால் காஷ்மீர் போனவர், அந்த வாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டார். போகவும் முடியாது. போகவில்லை என்று சொல்லவும் முடியாது.

இன்று.

இரும்புக் கதவைத் திறந்தார். சைக்கிளை வெளியே தள்ளினார். உள்ளே அடுக்களையில் தம்ளர் சத்தம். ஆவுடை தயார்.

எதிரே பலவேசம். கையில் ரப்பர் குழாய்.

ஏறி உட்கார்ந்தார். ஒரு கால் பெடலில். மறுகால் இன்னும் தரையில்.

காத்திருந்தார்.

பலவேசம் வாயைத் திறந்தார்.

அப்போதுதான் சைக்கிளில் இருந்தவருடைய முகத்தை நேராகப் பார்த்தார் போலிருக்கிறது. கேளும், சீக்கிரம் கேட்டுத் தொலையும் என்று கெஞ்சுகிற முகம்.

பலவேசம் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி நின்று செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டார். தொட்டி நிறைந்தது. வழிந்தது. வாசலெல்லாம் ஓடியது. அப்படியும் சைக்கிள் பக்கம் திரும்பவில்லை.

தெருவில் வேறு ஒருவரும் இல்லை.

நாய்கூட ஏதோ யோசனையில் வேறு பக்கம் பார்த்தது.

அவ்வளவு பெரிய முட்டுச்சந்தில், அவரைத் தடுக்க ஒரு வார்த்தை இல்லை.



ஆவுடை தம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.

கதவு திறந்து கிடந்தது.

"கேட்டுட்டியளா?"

"இல்ல மதினி."

அவள் தெருக்கோடிவரை பார்த்தாள்.

"பால் வாங்கப் போயிருப்பாவ."

பலவேசம் குழாயை மூடினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பால்கட தெக்க இருக்கு மதினி. அண்ணாச்சி முக்குல வடக்க திரும்பிட்டாவ. நாந்தான் பாத்தேன்."