வெளிப்பக்கம் மடித்த இலை

"என்னா ரசம் இது? ஈப்போவுல உப்புக்குப் பஞ்சமா?"

பத்துமலை போட்ட சத்தத்தில் தெருவில் போன மோட்டார்சைக்கிள்காரனே திரும்பிப் பார்த்தான்.

ஈப்போவின் சிலிபின் பகுதியில் தர்மாவும் அவன் மனைவி தினேஸ்வரியும் நடத்தும் 'தோட்டத்து வீடு' சாப்பாட்டுக் கடை அந்தக் காலத்துச் சமையலுக்குப் பேர்போனது. மங்குக் குவளை, கேசட் ரேடியோ, கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டவர்கள் இலையைத் தங்கள் பக்கம் மடிப்பார்கள். பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

லோரி ஓட்டும் பத்துமலை மட்டும் தினமும் பதினொரு மணிக்கு முதல் ஆளாக வந்து, எல்லாவற்றுக்கும் குறை சொல்லி, இலையை வெளிப்பக்கம் மடித்துவிட்டுப் போவார். தர்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நாளைக்கும் வாரேன் தவுக்கே!" என்று கடை முதலாளிக்கு டாட்டா வேறு.

ஆறு மாதமாக இதே கூத்து. விரட்டிவிடவா என்று கேட்டால், "சாப்பிடுற மனுசன வெரட்டாதீங்க" என்று தினேஸ்வரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மறுநாள் சித்தியவானிலிருந்து பஸ் பிடித்து நாற்பது பேர் சாப்பிட வருவதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் அடுத்த மாதக் கல்யாணச் சமையலும் இந்தக் கடைக்குத்தான். தர்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பஸ் வரும் நாளிலும் சரியாகப் பதினொரு மணிக்கு லோரி வந்தது. வாசலிலேயே மறித்தான்.

"அண்ணே, இன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு இல்ல. வேற கடையில போய்க் கத்துங்க."

"ரசம் மட்டுமாச்சும் குடு தவுக்கே. ஒரு வாய்."

"ஒரு சொட்டு கூட இல்ல லா!"

லோரி கிளம்பியதும் தர்மா ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு, ஆடிக்கொண்டே அடுப்படிக்குப் போனான்.

"சனியன் தொலஞ்சது தினேஸ்! பத்துமலைய அனுப்பிட்டேன்!"

தினேஸ்வரி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"ஐயோ, பஸ்ஸு வந்துருமே! உப்பு, புளி சரியா இருக்கான்னு இனிமே எனக்கு யாரு சொல்லுவா?"

"என்னா சொல்ற?"

"ஆறு மாசத்துக்கு முன்னால வந்த காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசமும் தெரியல, ருசியும் தெரியல. வெளிய தெரிஞ்சா கடைக்கு யாருங்க வருவா? அண்ணேதான் கண்டுபிடிச்சாரு. 'நான் கத்துறேன், நீ கேட்டுப் போட்டுக்கோ தங்கச்சி'ன்னாரு. திருத்துனத ஊரே சாப்பிடுது. திருத்தாதத தினமும் அவரு ஒருத்தர்தான் சாப்பிடுறாரு."

தர்மா செருப்பு கூடப் போடாமல் ஓடினான். சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த லோரியின் கதவைப் பிடித்துத் தொங்கினான்.

"அண்ணே, மன்னிச்சிருங்க! வந்து நல்லா நாலு திட்டு திட்டிட்டுப் போங்க!"

ஐந்தே நிமிடத்தில் கடை அதிர்ந்தது.

"ரசத்துல உப்பு எங்க? கருவாட்டுக் கொழம்புல புளி எங்க? கீரை மட்டும் பரவால்ல!"

உள்ளே தினேஸ்வரியின் கைகள் பறந்தன. தர்மாவோ ஒவ்வொரு திட்டுக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

நாற்பது பேரும் வந்தார்கள், இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கினார்கள். நாற்பது இலையும் உள்பக்கமே மடிந்தன. கல்யாணத்துக்குத் தேதியும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பஸ் கிளம்பியதும் தர்மா மனைவியிடம் மெல்லக் கேட்டான்.

"நானும்தான தினமும் நீ சமைக்கிறத சாப்பிடுறேன். என்கிட்ட கேட்டிருக்கலாமே தினேஸ்?"

"மொதல்ல உங்ககிட்டதாங்க கேட்டேன். ஒரு நாள் மீன் கொழம்பு வச்சுக் குடுத்து, உப்பு சரியா இருக்கான்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா? மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டுட்டு, 'உன் கைக்கு ஈடே இல்ல லா, உப்பு அளந்து போட்ட மாதிரி இருக்கு'ன்னீங்க."

"ஆமா, இருந்துச்சே!"

"அன்னிக்கு நான் உப்பே போடல."