அப்பாவின் கோட்டுப் பை

செப்டம்பர் 11, வியாழன்.

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. அது சின்னத் தப்பு. எழுதச் சுலபம் என்பதால் அதை முதலில் எழுதுகிறேன்.

கொதிகலன் பழுதுபார்ப்பில் இன்று வால்வு பாடம். அதை விட்டுவிட்டு அப்பாவுடன் பேஸ்பால் பார்க்கப் போனேன். எதிரணியில் பினேடா ஆடுகிறான் என்பதால்.

பினேடா முன்பு எங்கள் ஆள். எங்களிடமிருந்த ஒரே நல்ல மட்டைக்காரன். அணியை அடியிலிருந்து புதிதாகக் கட்டப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தபோது முதலில் விற்றது அவனைத்தான். அப்போது நான் பள்ளியில் இருந்தேன். இப்போது வேலைக்குப் போகிறேன். அவர்கள் இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

பஸ்ஸில் வழிநெடுக அப்பாவிடம் இதைத்தான் கத்தினேன். ஒவ்வொரு வசந்தத்திலும் பொறுத்திருங்கள் என்கிறார்கள், நீயும் டிக்கெட் வாங்குகிறாய், உன்னைப் போல ஏமாளிகள் இருக்கும்வரை அவர்களுக்கு என்ன அவசரம் என்றேன்.

அப்பா ஜன்னல் வழியே ஈரி ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வாசலில் காவலாளி அப்பாவின் கோட்டுப் பையைத் தடவினார். அந்தப் பை எப்போதும் புடைத்துத்தான் இருக்கும். ஆப்பிள் என்று நினைத்திருந்தேன். காவலாளி உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மகளையும் கூட்டியாந்தாச்சா? இந்த வருஷமாச்சும் கெடைக்கட்டும், பெரியவரே."

வெற்றியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் இடம் மைதானச் சுவருக்குப் பின்னாலிருக்கும் மலிவான பெஞ்சு. பின்வரிசையில் வழக்கம்போல டுகன் அம்மாள், வறுகடலைத் தோலை எங்கள் தலைமேல் உதிர்த்தபடி.

"கூரைய வித்து அஸ்திவாரம் போடுறானுங்க! அதுலயும் எலி பூந்துடுச்சு!"

ஏழாவது சுற்றில் பினேடா அடித்தான். பந்து எழும்பி, சுவரைத் தாண்டி, பெஞ்சில் மோதி, அப்பாவின் மடியில் விழுந்தது.

நாற்பது வருடமாக வருகிறார். ஒரு பந்துகூட அவர் பக்கம் வந்ததில்லை.

சுவரைத் தாண்டும் பந்து பிடித்தவருக்கே சொந்தம். ஆனால் எதிரணி அடித்தது என்றால், எங்கள் பெஞ்சுகளில் அதை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. மைதானத்துக்கே திருப்பி எறிய வேண்டும்.

"தூக்கிப் போடு! தூக்கிப் போடு!"

அப்பா எறியவில்லை. இடது கையால் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வலது கை கோட்டுப் பைக்குள் எதையோ துழாவியது. கத்தல் ஊளையாக மாறியது. யாரோ ஒருவன் காகிதக் குவளையை வீசினான். அது அப்பாவின் தோளில் பட்டு விழுந்தது.

அவர் பக்கம் குனிந்து கத்தினேன்.

"வெக்கமா இல்லையாப்பா உனக்கு? அவன் இப்ப அவங்க ஆளு!"

பிடுங்கினேன். எறிந்தேன். இத்தனை வருடக் கோபமும் அந்தக் கையில் இருந்தது. பந்து மைதானத்தின் நடுவரை பறந்து போயிற்று.

எல்லோரும் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவன் எனக்கு பீர் நீட்டினான். வாங்கிக்கொண்டு, சிரித்தபடி அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

அவருடைய வலது கை அப்போதுதான் பைக்குள்ளிருந்து வெளியே வந்தது. கையில் ஒரு பந்து. பழையது. தையல் பிரிந்து, புல் கறை ஏறியது.

டுகன் அம்மாள் கைதட்டுவதை நிறுத்தினார்.

"அடி பாவி. மாத்துப் பந்து வச்சிருந்தாருடி. அத எறிஞ்சுட்டு நெசப் பந்த வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாரு. தூரத்துலேந்து பாக்குறவனுக்கு என்ன தெரியும்?"

அப்பா பழைய பந்தை மறுபடி பைக்குள் போட்டார். தோளைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல கைடி உனக்கு," என்றார். "நம்ம பந்து வீசுறவனுங்க ஒருத்தனுக்கும் இப்படி இல்ல."

ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். தோற்றோம். பீரை நான் குடிக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவருடைய கோட்டை மாட்டும்போது பையினுள் கைவிட்டுப் பார்த்தேன். உள்துணி கிழிந்திருந்தது. பந்து அந்தக் கிழிசல் வழியாக அடித்துணிக்குள் இறங்கிக் கிடந்தது. அதை வெளியே எடுக்க எனக்கே நேரமாயிற்று.

ஏப்ரலில், ஆட்டங்கள் தொடங்கும் முன், இந்தப் பையைத் தைத்துக் கொடு என்று கேட்டிருந்தார்.

பொறுத்திரு அப்பா, வகுப்பு முடியட்டும் என்று சொல்லியிருந்தேன்.

நாளை வேலைக்குப் போகுமுன்: தடித்த நூல், இரட்டைத் தையல். தைத்ததும் பந்தை அதே பைக்குள் வைக்க வேண்டும்.