ஏழாவது நிமிடம்

"மூண்டு முறையும் என்ர பாடத்தைத் திருப்பி அனுப்பினது நீர்தானே, தம்பி?"

இணையப் பாட நிலையத்தின் மாடிப்படி ஏறிய இளைப்பு அடங்குமுன்பே இராசமணி டீச்சர் கேட்டுவிட்டார். கணினிக்கு முன்னால் இருந்த கணேஸ் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான்.

"நான்தான் டீச்சர். உக்காருங்க."

"முப்பத்தாறு வருசம் கண்டியில கணிதம் படிப்பிச்சனான். எனக்கு, 'ஏழாவது நிமிடம் விளங்கவில்லை' எண்டு எழுதுறீர். இன்னும் மூண்டு கிழமையில சோதினை. கெலிஓயாவில ஒரு பிள்ளை தேடிப் பார்த்திட்டு, 'உங்கட பாடம் வரேல்லை' எண்டு சொல்லுது."

"வராது டீச்சர்."

திரையைத் திருப்பிக் காட்டினான். இணையத்தில் ஏற்றும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விவரத்தாள்: வகுப்பு, அலகு, மொழிமூலம், நீளம். எல்லாம் நிரம்பியிருந்தது. 'தரச்சான்று' என்ற கடைசிக் கட்டம் மட்டும் காலி. அது காலியாக இருக்கும்வரை, தேடுகிற பிள்ளையின் கண்ணில் பாடம் படாது.

"ஏழாவது நிமிசத்தில என்ன பிழை?"

"பிழை இல்ல. 'x² + 6x = 7' கணக்குல ரெண்டு பக்கமும் ஒம்பதக் கூட்டுறீங்க. அந்த ஒம்பது எங்கயிருந்து வந்திச்சு?"

"ஆறின்ர அரைவாசி மூண்டு. மூண்டின்ர வர்க்கம் ஒன்பது. இது கூடவா தெரியாது?"

"அது ஏன்னுதான் கேக்குறேன்."

வம்புக்குக் கேட்கிறான். பட்டம் எடுத்த திமிர். டீச்சர் பேனையைப் பிடுங்கி ஒரு சதுரம் கீறினார். அதன் அடுத்தடுத்த இரண்டு பக்கத்தில், ஆறைப் பாதியாக்கி, மூன்றடி அகலத்தில் இரண்டு பட்டி. மூலை மட்டும் வெறுமையாக நின்றது.

"இது ஒரு அறை எண்டு வையும். முழுச் சதுரமாக்க இந்த மூலைக்கு எத்தினை ஓரடி டைல் வேணும்?"

கணேஸ் வெறும் மூலையில் விரலை வைத்து எண்ணினான்.

"மூணுக்கு மூணு... ஒம்பது." பிறகு சிரித்தான். "அட, இவ்வளவுதானா. இத ஏன் டீச்சர் பாடத்துல சொல்லல்ல?"

முப்பத்தாறு வருடம் வகுப்பிலும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அங்கேயே அவன் ஃபோனில் பதிவுசெய்து பாடத்தோடு சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் அவன் 'ஆம்' என்று அழுத்தினான். தேடிப் பார்த்தார்கள். முதலாவதாக வந்து நின்றது பாடம்.

டீச்சரின் கோபம் போன இடம் தெரியவில்லை. "கெட்டிக்காரன்தான் நீர். எந்தக் கம்பஸில படிச்சனீர்?"

"கம்பஸா? நான் ஓ.எல். பரீட்சையில கணக்குல அஞ்சு தடவ ஃபெயில், டீச்சர். அப்படி ஒரு ஆள் வேணும்னு விளம்பரம் போட்டுத்தான் எடுத்தாங்க, எனக்கு வெளங்கினா எல்லாருக்கும் வெளங்குமாம். உங்கள மாதிரி இன்னும் நாலு பேர் வந்தா நான் பாஸாகி, இந்த வேலையும் போயிடும்."