கடைசி ஆள்

மீன்கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள், ஆனால் வரிசை என்று ஒன்று இல்லை. அந்த ஸ்பானிய நகரத்துக்கு வந்த முதல் வாரம் அது. தூத்துக்குடியில் முழங்கையால் இடம் பிடித்துப் பழகிய ஜெசிந்தா, நேராகப் போய்த் தராசுக்கு முன்னால் நின்றாள். யாரும் சத்தம் போடவில்லை. மீன்காரி மட்டும் அவளைத் தாண்டிப் பார்த்து, சுவரோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிழவரைக் கூப்பிட்டாள். போகப்போகத்தான் பிடிபட்டது. உள்ளே வருகிறவர் "கடைசி யாரு?" என்று கேட்பார், ஒரு கை உயரும்; அந்தக் கைக்கு அடுத்தது இவர் முறை. அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எதிர்க்கடைக்குப் போய்க் காப்பிகூடக் குடிக்கலாம், இடம் போகாது. கயிறும் இல்லை, டோக்கனும் இல்லை, ஒரு ஊரே ஞாபகத்தில் வரிசை கட்டி நிற்கிறதே என்று அவள் அசந்துபோனாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நீலச்சட்டைக்காரர் ஒருவர் வந்து "கடைசி யாரு?" என்றார். ஜெசிந்தாவின் கை தானாக உயர்ந்தது. அவர் தலையசைத்துவிட்டுக் காப்பிக்குப் போய்விட்டார். அவள் மத்தி வாங்கி முடித்தபோதும் திரும்பவில்லை. "அடுத்து?" என்றாள் மீன்காரி. அவர் போன பிறகு வந்த பெண் ஒருத்தி முன்னால் நகர்ந்தாள்.

"எனக்கப்புறம் ஒருத்தர் இருக்காரு," என்றாள் ஜெசிந்தா, அந்த ஊர்ப் பாஷையில் தட்டுத்தடுமாறி.

கடையே அவளைத் திரும்பிப் பார்த்தது. நகர்ந்தவள் பின்வாங்கினாள். மீன்காரி கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எதிர்க்கடையில் நீலச்சட்டைக்காரர், இந்தப் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்காமல், நிதானமாகச் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.