பிரேக் மேல் கால்

"உங்க பக்கத்து பிரேக் வேலை செய்யறதோன்னோ?" வேதாந்தம் ஐந்தாவது தடவையாகக் கேட்டார்.

"செய்யுது. நான் அது மேல காலை வச்சிக்கினுதான் கீறேன். நீங்க ரோட்டைப் பாருங்க சார்" என்றாள் ஜாஸ்மின், டிரைவிங் ஸ்கூல் டீச்சர்.

வலது கால் செயலிழந்த பிறகு அவர் மறுபடியும் கார் பழகத் தொடங்கி இது பத்தாவது நாள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு லீவர்; இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். தினமும் மயிலாப்பூரில் அவர் வீட்டு வாசலுக்கு இந்தக் காரை ஓட்டிவந்து, கீழே இறங்காமலே பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துகொள்வாள் ஜாஸ்மின்.

அடையாறு பாலத்தை விட்டு இறங்கும்போது, இடப்பக்கம் போன பஸ் சட்டென்று குறுக்கே திரும்பியது.

"மிதிங்கோ! மிதிங்கோம்மா!" அலறிக்கொண்டே லீவரைத் தள்ளினார்.

கார் குலுங்கி நின்றது. பஸ்ஸுக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அவர் ஜாஸ்மின் பக்கம் திரும்பினார். "நல்லவேளை, நீங்க மிதிச்சேள்."

"நான் எங்க மிதிச்சேன்? நீங்கதான் நிறுத்துனீங்க."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ, பிரேக் மேல கால் வெச்சிருக்கேன்னு பத்து நாளா பொய் சொன்னேளா?"

ஜாஸ்மின் சுடிதாரைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். வலது ஷூ பிரேக்கின் மேல்தான் இருந்தது. இரண்டு ஷூக்களிலிருந்தும் இரும்புப் பட்டைகள் முழங்கால்வரை ஏறின.

"பொய் இல்ல சார். வச்சிக்கினுதான் இருந்தேன். வைக்கத்தான் வரும், மிதிக்க வராது."